தலைவர் வகை, பயந்த வகை

மனிதர்கள் மொத்தம் நான்கே வகை. யார் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எங்கள் ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவில் நடத்திய பயிற்சியில் தியாகராசா என்ற வாத்தியார் இப்படிச் சொன்னார். மீதிப் பாதியை நானே தீர்த்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னதில் நான் தலைவர் வகை என்று வந்தது. மேனேஜரும் தலைவர் வகை. ஸ்டோர் ரெங்கசாமியும் தலைவர் வகை. மண்டபம் முழுக்கத் தலைவர்கள். டீ கலக்கியவருக்கு மட்டும் வகை சொல்லவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மனைவி நல்லம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் என்ன வகை என்றாள்.

யோசிக்கவே வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவருவதுதான்: அவள் பயந்த சுபாவம். கார் ஓட்டப் பழகுகிறேன் என்று கேட்டபோதெல்லாம், எதிரே லோரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாய் என்று சொல்லித் தடுத்திருக்கிறேன்.

"நீ பயந்த வகை" என்றேன்.

"ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பாசாருக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. மீன்காரர் அதட்டுகிறாராம். இத்தனை நாளும் அந்த மனுஷர்தான் இவளைக் கண்டு நடுங்கியதாக என் ஞாபகம். தலைவர் போனார். தலைவர் வாங்கி வந்த மீனை எங்கள் பூனை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டது.

அடுத்து, அடுப்படிக் கூரை ஒழுகுவதைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரரிடம் பேச அவளுக்குப் பயம். நான் பேசினேன். பேசி முடித்தபோது, கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும் என்றும், அவர் வீட்டு கேட்டுக்கு நான் பெயின்ட் அடித்துத் தருவேன் என்றும் முடிவாகியிருந்தது.

திரும்பி வந்து கத்தினேன். உணர்ச்சி எதுவானாலும் அதற்குச் சரியான பெயர் வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால், இது கோபம் இல்லை, குடும்பத்தின் மேல் உள்ள அக்கறை என்று விளக்கினேன்.

"நான் பசின்னு நினைச்சேன். சோறு போடவாங்க?"

சாப்பிட்டேன். அக்கறை போய்விட்டது.

சனிக்கிழமை கிள்ளானிலிருந்து என் அக்கா போன் செய்தாள். வீட்டை இடித்துக் கட்டுகிறார்களாம், முடியும்வரை பிள்ளைகளோடு எங்களிடம் வந்து தங்கலாமா என்று கேட்டாள். வழக்கமாக இதையெல்லாம் யார் மனமும் நோகாமல் சமாளிப்பது நல்லம்மாள்தான். அன்று, அண்ணியோடு பேசப் பயமாக இருக்கிறது என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போனை வைத்தபோது அக்கா, அத்தான், பிள்ளைகள், அத்தானின் அம்மா, அவர் வளர்க்கும் சேவல் எல்லாரும் வருவதாக ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. அடுப்படியோடு நிற்காமல் அதில் ஒன்றிலும் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது.

நீயே பேசி நிறுத்து என்று நல்லம்மாளிடம் கெஞ்சினேன்.

"நான்தான் பயந்தவளாச்சே."

"நீ பயந்தவ இல்ல."

"பின்ன?"

"தைரியசாலி."

"இராஜம்மா அக்கா முன்னாடி சொல்லுங்க."

பக்கத்து வீட்டு இராஜம்மா வரவழைக்கப்பட்டார். அவர் முன்னால் கைகட்டிக்கொண்டு, என் மனைவி தைரியசாலி, அவள் எதுவும் செய்வாள் என்று சொன்னேன். எதுவும் என்ற சொல்லை இராஜம்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நல்லம்மாள் போனை எடுத்தாள். அவள் குரலில் அத்தனை வருத்தம். அண்ணி வருவதென்றால் எவ்வளவோ சந்தோஷம்தானாம். ஆனால் இவருக்கு உடம்பெல்லாம் சொறியாம், ஒட்டிக்கொள்ளும் வகையாம், பிள்ளைகளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லையாம். மறுமுனையில் அக்கா போனை வைத்த சத்தம் இராஜம்மாவுக்கும் கேட்டது.

வீடு தப்பியது. நிம்மதியாக உட்காரப் போனேன். நல்லம்மாள் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். கார் லைசென்ஸ். அவள் படம் ஒட்டியிருந்தது. நான் ஆபீஸ் போன நேரமாகப் பார்த்து ஒரு சீன ஆன்டியிடம் ஓட்டப் பழகி, போன மாதமே பாஸ் செய்துவிட்டாளாம். என்னிடம் சொல்லத்தான் பயமாக இருந்ததாம்.

"இப்பத்தான் தைரியம் வந்துச்சுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து கார் எனக்கு. நீங்க பக்கத்து சீட்ல உக்காந்துக்கலாம் லா."

தலைவர் வகை பக்கத்து சீட்டில் உட்காராது என்று சொல்லிவிட்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

திங்கட்கிழமை காலை என் டட்சன் புது லைசென்ஸ்காரர்களுக்கான பி எழுத்தைப் பளிச்சென்று ஒட்டிக்கொண்டு, எதிரே வந்த லோரிக்கு ஹாரன் அடித்தபடி போயிற்று. நான் மினி பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது, வாசல்வரை கூட்டம் பிதுங்கியது. எப்படியோ உள்ளே ஏறினேன். எனக்கு முன்பே ஏறியிருந்த இராஜம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அடுத்த ஸ்டாப்புக்குள் இரண்டு பேர் உட்காரும் சீட் முழுவதும் எனக்குக் கிடைத்துவிட்டது.