ரோசெல்லாவின் இன்ஜினில் என் பூட்டு

அன்புள்ள பெரில் அக்காவுக்கு, தம்பி நெவில் எழுதுவது.

சுகம் விசாரிப்பது முறை, ஆகவே விசாரிக்கிறேன்: உன் முட்டிவலி, உன் கோழிகள், நீ கட்டிக்கொள்ளப்போகும் கிளாரி, இதே வரிசையில் எல்லாரும் சௌக்கியம்தானே? என் சுகத்தைப் பற்றி நீ கேட்டால் பதில் நீளும். கேட்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஊருக்குத் திரும்பும் கப்பலில் ஏறிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கல்கூர்லியில் இருப்பேன், கல்யாணத்தன்று உன் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போவேன். உன் முதல் கல்யாணத்தின்போது நான் செவ்வாய்க் கிரகத்துக்குத் தபால் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன், இரண்டாவதின்போது அங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு புருஷன்களும் நிலைக்காமல் போனதற்கு நான் வராததுதான் காரணம் என்று கசாப்புக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாய். இப்போது அந்தக் கசாப்புக்கடைக்காரரையே கட்டிக்கொள்வதால் பேச்சு இன்னும் பரவும். இந்த முறையும் வராவிட்டால் என் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. வருகிறேன். சத்தியம்.

வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்குக் கப்பல் என்று ஒன்று இனி இல்லை. ரோசெல்லா உனக்கு நினைவிருக்கும், நீ ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, திரைச்சீலை அழுக்கு என்று சொன்னாயே, அதேதான். பெர்த்தில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு நாள் யோசனை வந்தது. புதிதாக ஒரு ஆலை கட்டி விண்கல்லுக்கு அனுப்புவதைவிட, வயதான கப்பல் ஒன்றை விண்கல்லில் கட்டிப்போட்டு அதையே ஆலையாக்கிவிட்டால் லாபமாம். வயதான கேப்டனும் கூடவே போனால் இன்னும் லாபமாம். கல்லை வெயிலில் சுட வேண்டும், அரைக்க வேண்டும், இரும்பைக் காந்தத்தால் இழுக்க வேண்டும், உருக்கி உத்தரமும் போல்ட்டுமாக வார்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அவ்வளவுதான் என்று பெர்த்தில் சொன்னால் மற்ற இடங்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நம் ஊர் சுரங்கக்காரர்கள் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தலைவி சோரா மரினோவிச். நம் பக்கத்து ஊர் பவுல்டரில் இருக்கிற மரினோவிச் குடும்பம்தான், அதே தாடை. வந்த முதல் நாளே என் அறையின் கதவைத் திறந்து, உள்ளே என்னையும் என் பைஜாமாவையும் பார்த்துவிட்டு, "அரவை மெஷின் வைக்க அளவு சரியா இருக்குப்பா" என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். அன்று மாலை நான் லாண்டரியில் தூங்கினேன். பயணிகளின் நடனக்கூடம் உலையாயிற்று. நீச்சல்குளத்தில் கசடு கொட்டினார்கள். நான் நின்று கப்பல் ஓட்டிய மேடையில் ஜன்னல் பெரிதாக இருக்கிறது என்று அதைச் சாப்பாட்டு அறையாக்கி, திசைகாட்டும் பலகை இருந்த இடத்தில் ரொட்டி வாட்டும் மெஷினைச் செருகினார்கள். கல்லைச் சுடும்போது வரும் ஆவியைப் பிடித்து டீ போட்டார்கள், தீக்குச்சியைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது, ஒருவன்கூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் இரும்பு உருகி ஓடிய அன்று பெர்த் முழுக்க உத்தரத்துக்காகக் காத்திருக்க, இவர்கள் முதலில் வார்த்தது என்ன தெரியுமா? பார்பிக்யூ தட்டு. "மொதல்ல வயித்தப் பாக்கணும் பெருசு" என்றான் மிக், பாறையில் துளை போடுகிறவன். என்னைப் பெருசு என்றுதான் கூப்பிடுவான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இன்ஜினில் கை வைக்க வந்தபோதுதான் பொறுக்கவில்லை. சாயங்காலம் சோரா கறி அடைத்த பேஸ்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் தின்னக் கொடுத்தால் எதையோ பிடுங்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"கேப்டன், உங்க இன்ஜின் சும்மாதானே படுத்திருக்கு? அதோட சூட்ட உலைக்குத் திருப்பிட்டா வேல ரெண்டு மடங்கு ஓடும். குழாய வெட்டி இங்கிட்டு இணைச்சுருவோம்."

"வெட்டினா கப்பல் அப்புறம் நகருமா?"

"எங்க போகப் போறீங்க?"

அக்கா, எங்கே போகப் போகிறேனாம்! அந்த ஆத்திரத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். வந்த புதிதில் சோரா எங்கள் எல்லாரையும் நிறுத்தி ஆளுக்கொரு சிவப்புப் பூட்டும் பேர் எழுதிய அட்டையும் கொடுத்தாள். "மெஷினுக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி அதோட சுவிட்சுல உங்க பூட்டு தொங்கணும். சாவி உங்க பாக்கெட்டுல. மாட்டினவங்கதான் கழட்டணும், பிரதமரே வந்து நின்னாலும் அடுத்தவங்க பூட்ட யாரும் தொடக் கூடாது" என்றாள். நம் தாத்தா காலத்திலிருந்து கல்கூர்லியில் இருக்கிற சட்டம்தான். அவள் தந்த அதே பூட்டை எடுத்துக்கொண்டு போய் இன்ஜின் சுவிட்சில் மாட்டிப் பூட்டினேன். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவ்வளவுதான். என் அறையையும் மேடையையும் கேட்காமல் எடுத்த கூட்டம், அந்தப் பூட்டுக்கு முன்னால் வந்து நின்று, படித்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது. உலை பாதி வேகத்தில் ஓடியது. மாதக் கணக்காகியும் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை, கேலிதான். "பெருசு, சாவிய முழுங்கிட்டீங்களா? பீட்ரூட் தரட்டுமா, வெளிய வந்துரும்" என்று மிக் தினமும் கேட்பான். பெர்த் மேனேஜர் திரையில் வந்து குதித்தார்.

"உள்ளதான் யாரும் இல்லையே! அந்தக் கெழவர் வேணும்னேதானே மாட்டியிருக்காரு? வெட்டிட்டு வேலயப் பாரும்மா!"

சோரா டீயைக் கீழே வைத்தாள். "உள்ள யாரும் இல்லன்னு நெனச்சுத்தான் சார் எங்கப்பா பூட்டையும் ஒருத்தன் வெட்டினான். எங்கப்பா அரவை மெஷினுக்குள்ள இருந்தாரு. இந்தப் பூட்டுக்குக் காரணம் கேட்டா நாளைக்கு எல்லாப் பூட்டுக்கும் காரணம் கேப்பீங்க. வெட்டித்தான் ஆகணும்னா நீங்களே கெளம்பி வந்து வெட்டுங்க. நாலு மாசந்தான் ஆகும்."

நான் ரொட்டி மெஷினுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. என் கப்பலைத் துண்டு துண்டாகத் தின்றவள், என் வீம்புக்கு இப்படிக் காவல் நிற்கிறாள். அதற்கப்புறம் வீம்பாக இருப்பதில் ருசியே போய்விட்டது. ஊருக்குப் போகும் கப்பல் வந்ததும் நானே கழற்றிவிடுகிறேன், அப்புறம் குழாயை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சோரா தலையை ஆட்டினாள். "ஏறுறதுக்கு முன்னாடி மறந்துராதீங்க" என்றாள். இத்தனை வருஷம் கப்பல் ஓட்டியவனுக்கு இவள் புத்தி சொல்கிறாள்! போன தடவை ஊருக்குக் கிளம்பிய மிக், தன் பூட்டை அரவை மெஷினில் விட்டுவிட்டுச் சாவியோடு கப்பலேறி, பாதி வழியில் அந்தக் கப்பலே திரும்பி வர வேண்டியதாயிற்று. மற்றவர்கள் சிரித்தார்கள், நான்தான் அவனை நிற்க வைத்து ஒரு மணி நேரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினேன். இந்த மாதிரி அசட்டுத்தனம் சுரங்கக்காரனுக்கு மட்டும்தான் வரும் என்றும் சொன்னேன்.

நேற்று எனக்கு வழியனுப்பு விழா. அந்தப் பார்பிக்யூ தட்டில் சாசேஜ் சுட்டார்கள். மிக் பேச எழுந்து, "பெருசு நல்ல ஆளு, ஆனா ஒரு வேலையும் தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான், எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு சோரா ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். விண்கல் இரும்பில் வார்த்துத் தீட்டிய கத்தி. பிடியில் உன் பேரும் கிளாரி பேரும். "ஒங்கக்கா கல்யாணக் கேக்க இதால வெட்டச் சொல்லுங்க. மூணாவது நிலைக்கும்" என்றாள். சும்மா நிற்க முடியாமல் எல்லார் கையையும் இரண்டிரண்டு முறை குலுக்கிவிட்டு அவசரமாகக் கப்பலில் ஏறிவிட்டேன்.

ஆக, ரோசெல்லாவுக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது ஒரு தொழிற்சாலை, நான் ஓய்வுபெற்றவன். அந்தக் கூட்டத்தை நினைத்து ஏங்குவேன் என்று நினைக்காதே. கிளாரியிடம் என் வணக்கத்தைச் சொல், கோழிகளைக் கேட்டதாகச் சொல், என் கோட்டை வெயிலில் போட்டு வை. நீயும் அவரும் சண்டை போடும் வயதெல்லாம் தாண்டி நிம்மதியாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது, ஆனாலும் மனசு அதைத்தான் சொல்கிறது.

உன் அன்புத் தம்பி,
ஓய்வுபெற்ற கேப்டன் நெவில் ட்ரெகானிங்

பி.கு. மேலே எழுதியதை அனுப்புவதற்கு முன் மூக்கைத் துடைக்கக் கால்சட்டைப் பையில் கை விட்டேன். கைக்குட்டையோடு சாவி வந்தது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கத்தியை வாங்கிய நேரத்தில் பூட்டு நினைவிலிருந்தே போய்விட்டது. ரேடியோவில் சோராவைக் கூப்பிட்டேன். "நீங்க ஏறும்போதே பூட்டு தொங்குறத நாங்க பாத்தோம், நீங்களா நெனச்சுக்குவீங்கன்னு இருந்தோம்" என்றாள். "இப்ப ரெண்டு வழி. நீங்க வந்து கழட்டணும், இல்ல உங்க வாயால 'வெட்டு'ன்னு சொல்லணும். சொன்னா வெட்டிர்றோம், யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம். எங்களுக்கு அவசரமில்ல. டீ குடிச்சுட்டு இருக்கோம்."

இப்போது திரும்பினால் பூமிக்குப் போகும் பாதை தவறிவிடும், மறுபடி கிளம்பி ஊர் வந்து சேர ஈஸ்டர் ஆகிவிடும். உன் முகம் கண் முன்னால் வந்தது. வெட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'வந்து கழற்றுகிறேன்' என்று சொல்லிவிட்டேன் அக்கா. இந்தக் கப்பலில் ஊருக்குப் போகிற சுரங்கக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று, என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். ஆனால் வெட்டச் சொல் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. என்னோடு ஊருக்குக் கிளம்பியிருந்த மிக் மட்டும் முதுகில் தட்டி, "இப்பதான் பெருசு நம்மாளு" என்றான். கப்பல் திரும்பிக்கொண்டிருக்கிறது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கிளாரி பொறுப்பார் என்றால் ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப் போடு. பொறுக்க மாட்டார் என்றால் கோயிலுக்குப் போய் மோதிரம் மாற்றிக்கொள், நான் குறை சொல்ல மாட்டேன். கேக்கை மட்டும் வெட்டிவிடாதே. கத்தி என்னிடம் இருக்கிறது.