தட்டோடு குழியில் இறங்கினேன்

சில பேர் வாயால் கெடுவார்கள். நான் காலால் கெட்டேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறேன். அங்கே பேச்சு தேவையில்லை. லாரிக்கும் குடோனுக்கும் நடுவில் பலகை போடுவோம். பாரம் ஏற்றும் முன் ஒருத்தன் பலகை நடுவில் நின்று இரண்டு குதி குதிப்பான். தாங்கினால் வேலை ஆரம்பம். அந்த ஒருத்தன் எப்போதும் நான்தான். (உடம்பு அப்படி.)

எனக்குப் பெண் பேசிய சமயம், பக்கத்துத் தெருவில் ரோடு உள்ளே போனது. கீழே பழைய கழிவுநீர்க் குழாய் உடைந்து, மண்ணையெல்லாம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே தார் மட்டும் அப்பளம் போல நின்றிருக்கிறது. தண்ணி லாரி வந்தது. முன்சக்கரம் இரண்டும் காணோம். எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். படம் முகத்துவாரக்குப்பம் வரை போய்விட்டது. பெண் வீடு அங்கேதான்.

"வாழப்போற வூட்ட ஒரு தபா பாத்துட்டுதான் பொண்ண குடுக்கறதா இன்னான்னு சொல்வேன்" என்றார் பெண்ணின் அப்பா. கடலுக்குப் போகிறவர்.

அதற்கு முன்பே எனக்குச் சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. "இதுவும் பூடுச்சின்னா, நீ அரிசி மூட்டையாண்ட குடும்பம் நடத்து" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் ஏற்றும் வண்டியில் வந்தார்கள். வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பெண்ணின் தம்பி பழத்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அக்காவுக்கு வீடியோ கால் போட்டான். (பெண் வரக்கூடாது என்பது வழக்கம். பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.)

பெண்ணின் அப்பா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே ரோட்டைப் பார்த்தார்.

"மாப்ள, இந்தத் தெரு தாங்குமா?"

"அய்ய, வுழுந்தது அந்தத் தெரு சம்மந்தி. இது கல்லு மாதிரி கீது" என்றாள் அம்மா.

"உன்ன கேக்கலம்மா. அவரு சொல்லட்டும்."

தாங்கும். ஒரு வார்த்தை. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் நடந்துபோய் நடுரோட்டில் நின்றேன். தட்டோடு. ஒரு குதி குதித்தேன். தாங்கியது. பெரியவர் முகம் தெளிந்தது. (அதோடு நிறுத்தியிருக்கலாம். பலகைக்கு இரண்டு குதி ஆயிற்றே.)

இரண்டாவது குதிக்கு மேலே போனவன், ரோட்டுக்குத் திரும்பவில்லை.

மார்பு வரை சேறு. காலுக்கு அடியில் எதுவும் இல்லை. அசைந்தால் இன்னும் இறங்கியது. நாற்றத்தை எழுத என் படிப்பு போதாது. இரண்டு கையும் தலைக்கு மேல். கையில் தட்டு. ஒரு ஆப்பிள்கூட உருளவில்லை.

"தட்ட வுட்டுட்டு ஓரத்த புடிடா, பேமானி!" அம்மா கத்தினாள்.

பெரியவர் இப்போது இறங்கினார். வண்டியிலிருந்து படகுக் கயிற்றை எடுத்தார். குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து, என் அக்குளைச் சுற்றிக் கட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"தட்ட இப்டி குடு மாப்ள."

பெண் வீட்டுத் தட்டை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தால், சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

"மாட்டேன்" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வார்த்தை.

"யோவ், முழுவிக்கினு கீற! குடுய்யா!"

"மாட்டேன்." (சரி, இரண்டு.)

போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு குரல்.

"நைனா, தட்டு அங்கயே இருக்கட்டும். ஆள மொதல்ல தூக்கு."

தெருவே சேர்ந்து இழுத்தது. தட்டோடு வெளியே வந்தேன். செருப்பு மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது.

குளித்துவிட்டு வந்தபோது, குழிக்குள் கம்பு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி தட்டவில்லை. தினமும் ஸ்கூல் வேன் போகும் இடம். ஞாயிறு என்பதால் அன்று வேன் இல்லை, நான் இருந்தேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமூச்சுதான் வருகிறது. அவமானம் கொஞ்சம் பின்னாலேயே வருகிறது.

தெருவுக்குப் புதுக் குழாய் வந்தது. புது ரோடு வந்தது. எனக்குச் செல்வி வந்தாள்.

மாமனார் மட்டும் இன்னும் வண்டியைத் தெருமுனையிலேயே விடுகிறார். தோளில் கயிற்றோடு ஓரமாகவே நடந்து வருவார். செல்வி வாசலுக்குப் போய்க் குரல் கொடுப்பாள்:

"பயப்படாம வா நைனா. அவர உள்ள குந்த வச்சிட்டுதான் வந்துக்கீறேன்."