ரோஜாக் மாஸ்டர் தூக்கிய விரல்

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தவர்களிலேயே, உலகத்தில் உண்டாகும் எந்தச் சத்தத்தின் மேலும் கோபப்படத் தெரியாத ஒரே மனிதர் ரோஜாக் மாஸ்டர்தான். மிகைப்படுத்துவது என் பழக்கமல்ல. நான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அறிவிப்புப் பலகையில் ஒரு ஆணிகூடக் கோணலாக இருக்க விடாதவள். யோசித்தே இதைச் சொல்கிறேன். விடிகாலையில் குப்பை லோரி வந்து கீழே தொட்டிகளைக் கவிழ்க்கும்போது நாங்களெல்லாம் தலையணைக்கு அடியில் தலையைப் புதைப்போம். அவர் மட்டும் சன்னலைத் திறந்து, "போஸ்! சாத்து காலி லாகி!" என்று கெஞ்சுவார். இன்னொரு தடவை போடச் சொல்கிறாராம். லோரிக்காரரும் நல்ல மனிதர். போடுவார்.

ஒரு காலத்தில் மாஸ்டர் வானொலி விளம்பரங்களுக்குப் பாட்டு அமைத்தவர். இருமல் மருந்துக்கு அவர் போட்ட மெட்டைக் கேட்டு, இருமல் இல்லாதவர்களும் அந்த மருந்தை வாங்கினார்கள் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு, இனி யாருக்காகவும் எதையும் விற்கும் இசை போடமாட்டேன் என்று முடிவு செய்தார். அதில் முழு வெற்றி கண்டார். அதன்பின் அவர் அமைத்த எதையும் யாரும் வாங்கவில்லை.

ரோஜாக் என்று பெயர் வைத்தவர் எங்கள் காவலாளி குமாரு. மாஸ்டர் ஒருநாள் தம் புதிய படைப்பைக் கைப்பேசியில் போட்டுக் காட்டியிருக்கிறார். அதில் நாதஸ்வரம் வருகிறது, வயலின் வருகிறது, கமெலானின் வெண்கலத் தட்டொலி வருகிறது, நடுவில் 'கதவு மூடப்படுகிறது' என்று புறநகர்க் கொம்யூட்டர் ரயிலின் அறிவிப்பும் வருகிறது. குமாரு கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரோஜாக் மாதிரி இருக்கு மாஸ்டர்" என்றார். தட்டில் வெள்ளரிக்காயும் பொரித்த மாவும் தௌபூ என்கிற சோயாக்கட்டியும் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாமல் கிடக்க, மேலே கடலைச் சாறு ஊற்றி எல்லாவற்றையும் உறவாக்கும் அந்தப் பண்டம்தான். வேறு யாராக இருந்தாலும் வருத்தப்பட்டிருப்பார்கள். மாஸ்டர் குமாருவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தன வருசத்துல எனக்குக் கெடச்ச முதல் விமர்சனம்யா இது!"

அவருடைய கஷ்டமே அதுதான். எந்த மேடையும் அவரை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் விழித்தது. கோயில் விழாக்குழுவினர், "நல்லாத்தான் இருக்கு, ஆனா கர்நாடகம் இல்லயே" என்றார்கள். மேற்கத்திய இசை நடத்துகிறவர்கள் நாதஸ்வரத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். கலாசார இரவு நடத்தும் ஒருவர் தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"என்ன வகைன்னு சொல்லுங்க சார், போஸ்டர்ல போடணும்."

"அனுப்பியிருக்கேனே. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

"கேட்டுட்டேன் சார். அதனாலதான் கேக்குறேன்."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் எதிர்முனையில் இருந்தவரும் சிரித்துவிட்டார். வாய்ப்பு மட்டும் வரவில்லை.

சங்கத்துக்கு வந்த புகார்களில் முக்கால்வாசி அவரைப் பற்றியவை. எங்கள் மின்தூக்கி மூன்றாம் மாடியைத் தாண்டும்போது ஒரு முனகல் முனகும். அது எந்தச் சுரத்திலும் சேராமல் இரண்டு சுரங்களுக்கு நடுவில் நிற்கிறது என்று கண்டுபிடித்த மாஸ்டர், மைக்கைப் பிடித்துக்கொண்டு காலையெல்லாம் மேலும் கீழும் போய்வந்தார். பாசாரிலிருந்து மீனோடு வந்த லெட்சுமி அக்கா கீழே காத்திருந்து காத்திருந்து, மின்தூக்கி திறந்ததும் பொரிந்து தள்ளினார்.

"மாஸ்டர், மீன் நாறுது! ஏறுறதா வேணாமா?"

"ஏறுங்கம்மா. பேசாம மட்டும் வாங்க."

"நான் ஏன் பேசாம வரணும்? இது என்ன உங்க தாத்தா லிஃப்டா?"

அந்த வசனமும் பிறகு ஒரு படைப்பில் வந்தது. லெட்சுமி அக்கா கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "அதுல என் குரல் நல்லா விழுந்திருக்கா, செகரட்டரி?" அந்த வாரமே மாஸ்டர் அவருடைய சமையலறைக்குப் போய்க் குக்கருக்கு முன்னால் கைகட்டி நின்று, "மத்ததெல்லாம் சும்மா. மூணாவது விசில் மட்டும் என்ன அழகாச் சறுக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றுமுதல் அவர் மேல் லெட்சுமி அக்காவிடமிருந்து புகார் வந்ததில்லை. குழம்புதான் வந்தது.

ஆனால் வீட்டுக்குள் ஒருவர் இருந்தார். மாஸ்டரின் மனைவி. அவரை நாங்கள் ஆன்டி என்போம். யாழ்ப்பாண வழிக் குடும்பம். நில அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மாஸ்டரின் படைப்பு ஒன்றையும் அவர் முடிவுவரை கேட்டதில்லை. பாதியில் சோற்றை இறக்கவோ துணியை எடுக்கவோ எழுந்து போய்விடுவார். முழங்கால் வலி வந்த பிறகு, மின்தூக்கி நிற்கும் நாட்களில் மாடி ஏற முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிள்ளை, இந்த வீட்டுக்கு வாடகைக்கு நல்ல ஆக்கள் இருந்தாப் பார்த்துச் சொல்லு. நாங்கள் செமினிக்குப் போகப் போறம். தங்கச்சி வீட்டில கீழ் ரூம் ஒண்டு சும்மா கிடக்கு."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். கூடம் முழுக்க உருமியும் வெண்கலச் சட்டிகளும் பழைய பியானோ ஒன்றின் உள்பாகமும் கிடந்தன.

"இதெல்லாம்?"

"ரூம் ஒண்டுதான் பிள்ளை" என்றார் ஆன்டி. "உவரும் நானும் கொள்ளுவம். சட்டி பானை கொள்ளாது."

மாஸ்டர் வெண்கலச் சட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒரு கச்சேரி வந்திருக்கு செகரட்டரி. புது இசைக்காரங்க, சின்னப் பசங்க, டவுன்ல ஹால் எடுத்திருக்காங்க. என்ன வகைன்னே கேக்கல. இத ஒண்ண மட்டும் செஞ்சிடறேன். இவளும் கடைசி வரைக்கும் ஒக்காந்து கேக்கணும். கேட்டுட்டு, போதும்னு சொன்னா எல்லாத்தையும் குடுத்துட்டு செமினிக்குப் போறேன்."

"போதாதெண்டு நான் எப்ப சொன்னனான்?" என்றார் ஆன்டி.

பேச்சு அத்தோடு முடிந்தது. தீர்ப்பு சொல்லும் பொறுப்பு ஆன்டியிடம் போய்விட்டது. நான் கடமை தவறாதவள். மறுவாரமே ஒரு தம்பதியைக் கண்டுபிடித்தேன். இருவரும் நூலகத்தில் வேலை செய்கிறவர்கள். பிள்ளைகள் இல்லை, நாய் இல்லை, வானொலிகூட இல்லை. ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர் கனவில் காணக்கூடிய குடித்தனம்.

ஒத்திகை கீழ்த்தளப் பொது அறையில் நடந்தது. வயலினுக்கு மே என்ற சீனப்பெண். கமெலானுக்கு அஸ்லான். கிள்ளானிலிருந்து நாதஸ்வரக்காரர் ஒருவரும், அவரோடு தவில்காரர் ஒருவரும் வந்தார்கள். தவில்காரரை எல்லாரும் கிள்ளான் அண்ணே என்றே கூப்பிட்டோம். மேயும்கூட "கிள்ளான் அனே" என்பாள். மாஸ்டர் அவர்களுக்கு விளக்கியது இதுதான்: எல்லா வாத்தியமும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறும். ஏறினதும் அவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். அத்தனையும் சட்டென்று நிற்க வேண்டும். அவர் விரலை இறக்கும்வரை ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. இறக்கியதும் மே ஒரே ஒரு சுரம் வாசிப்பாள். முடிந்தது.

"அந்த அமைதிதான் பாட்டு. முன்னாடி வர்றதெல்லாம் அதுக்குப் போற வழி."

"அப்ப நான் வழியா, மாஸ்டர்?" என்றார் கிள்ளான் அண்ணே.

"நீங்கதான் மெயின் ரோடு."

அவருக்கு அது பிடித்துப் போயிற்று. ஆனால் அவருக்கு வாரக்கடைசிகளில் கல்யாணம் இருக்கும். கடிகாரத்தைப் பார்ப்பார், "மாஸ்டர், பொண்ணு வீட்டுக்காரங்க கத்துவாங்க லா" என்பார், தவிலைத் தூக்கிக்கொண்டு நாதஸ்வரக்காரரோடு கிளம்பிவிடுவார். ஒத்திகையில் ஒருமுறைகூட அவர் உச்சம்வரை இருந்ததில்லை. "விரலத் தூக்கினா நிறுத்தணும், அவ்வளவுதானே? தெரியாதா எனக்கு?" என்று வாசலில் நின்று உறுதி சொல்லிவிட்டுப் போவார்.

கச்சேரி சனிக்கிழமை பிற்பகல். எங்கள் மாடிக்காரர்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். அரங்கில் பாதி இடம், கறுப்புச் சட்டையும் தீவிர முகமும் கொண்ட இளைஞர்கள். மறுபாதி நாங்கள். லெட்சுமி அக்கா பட்டுப்புடவையில், மடியில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தோடு. ஆன்டி முன்வரிசையில் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்தபடி. சோறும் துணியும் இல்லாததால் அவர் எழுந்து போக இடமில்லை.

மாஸ்டர் மேடைக்கு வந்தார். ஆயுள் முழுக்க ஒலிப்பதிவு அறைகளில் கழித்தவர். கூட்டத்துக்கு முன் அவர் நின்றதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை நடுங்குவது ஐந்தாம் வரிசைவரை தெரிந்தது.

இசை தொடங்கியது. எனக்கு இசை தெரியாது. ஆனால் தெருவில் நாள்தோறும் தனித்தனியே காதில் விழுந்தவை எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வதுபோல் இருந்தது. நாதஸ்வரம் ஏறியது, கமெலான் அதன் கீழே அலையடித்தது, தவில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போனது. உச்சம் வந்தது. மாஸ்டர் விரலைத் தூக்கினார்.

விரல் ஆடியது.

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் கணம் வந்ததும் யாராவது ஒரு பெரியவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'கெட்டிமேளம்' என்று அர்த்தம். தும்மல், விக்கல், மூக்கு சிந்தும் ஓசை எதுவும் கேட்காதபடி மேளம் முழங்க வேண்டும். தூக்கிய விரலென்றால் நிறுத்தம் என்று கிள்ளான் அண்ணேயின் புத்திக்குத் தெரியும். ஆடும் விரலென்றால் என்ன என்று அவருடைய கைகளுக்குத் தெரியும். கைகள் முந்திக்கொண்டன.

அரங்கம் அதிர்ந்தது. நாதஸ்வரக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிட்டார். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் மாடிக்காரர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். லெட்சுமி அக்கா கையில் அட்சதை இல்லையே என்று ஒரு கணம் தவித்தார். பிறகு கச்சாங் பூத்தேயை அள்ளி வீசினார். குமாரு கைக்குக் கிடைத்த பூவை வீசினார். அது முன்னால் இருந்தவருடைய கொண்டைப்பூ. இதுவும் படைப்பில் சேர்ந்ததுதான் போலும் என்று எண்ணிய கறுப்புச் சட்டைக்காரர்களும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றேன் என்பதை, உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தேன்.

கிள்ளான் அண்ணே கண்ணைத் திறந்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். கோல் அந்தரத்தில் நின்றது.

அதன்பின் வந்த அமைதியை எப்படிச் சொல்வது? மழை கொட்டித் தீர்த்த பிறகு, சொட்டுவதும் நின்றபின் ஒரு கணம் வருமே, அது. யாரும் இருமவில்லை. மாஸ்டர் ஓடிப்போயிருக்கலாம். தலையில் கை வைத்திருக்கலாம். அவர் விரலை இறக்கவே இல்லை. ஆட்டம் நின்றிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்த வேளைகள் என் வாழ்க்கையில் குறைவு. பிறகு விரல் மெல்ல இறங்கியது. மே தன் ஒற்றைச் சுரத்தை வாசித்தாள்.

மேடைக்குப் பின்னால் கிள்ளான் அண்ணே அழாத குறை. "மாஸ்டர், விரல் ஆடுச்சு மாஸ்டர்! ஆடினா நான் என்ன செய்வேன்?" கச்சேரி நடத்திய பெண் ஓடிவந்து, அந்த மேளப் பகுதி அபாரம், அது நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"இல்ல மா. தப்பு நடந்துபோச்சு" என்றார் மாஸ்டர். அவள் முழித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆன்டியைத் தேடினார்.

ஆன்டி முன்வரிசையை விட்டு எழவே இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தலைமுடியில் ஒரு கடலையும் இரண்டு மல்லிகையும் இருந்தன. எடுத்துவிடக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்றார்.

பிறகு தாமாகவே சொன்னார். "எங்கட கலியாணத்தில மேளம் இல்லை, பிள்ளை. இவர் செட்டியார் வீடு, நான் யாழ்ப்பாணம். ரெண்டு பக்கமும் ஒருத்தரும் வரேல்லை. ரெஜிஸ்தர் ஒஃபிசில கையெழுத்து வைக்கேக்க, மேல ஃபேன் சுத்தின சத்தம் மட்டுந்தான். நான் அழுதுகொண்டு நிக்கிறன். இந்த மனுசன் என்ன சொன்னது தெரியுமே? 'ஃபேன் நல்ல சுதியில ஓடுது, கேளு' எண்டுது."

மாஸ்டர் வந்து சற்றுத் தள்ளி நின்றார், தேர்வு முடிவுக்கு நிற்கும் பையன் மாதிரி.

"கெட்டுப்போச்சு" என்றார்.

"என்ன கெட்டுப்போச்சு? கடைசி மட்டும் கேட்டனான்." ஆன்டி அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார். "அடுத்த முறையும் அந்தத் தவில்காரரைக் கூப்பிடுங்கோ. விரலையும் ஆட்டுங்கோ."

மாஸ்டர் மூக்கைச் சிந்தினார். அந்தச் சத்தத்தை மட்டும் அவர் ஒலிப்பதிவு செய்யவில்லை.

வேனில் ஏறும்போது ஆன்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, அந்த வாடகை ஆக்களுக்கு நாளைக்கு இல்லையெண்டு சொல்லிவிடு. உனக்குத்தான் சங்கடம்."

"பரவால்ல ஆன்டி, சொல்லிடறேன்" என்றேன்.

அவர்களுக்கு நான் வியாழக்கிழமையே சொல்லியாயிற்று.