வருத்தமில்லாத பாதி

புத்தளம் மாவட்டத்து மதுரங்குளிச் சந்தியிலிருந்து கடலுக்குப் போகும் பாதையில் உள்ள புனர்வாழ்வு நிலையத்துக்கு 2018ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு காந்த இயந்திரம் வந்து சேர்ந்தது என்பதையும், அது இன்றுவரை நல்ல நிலையில் இருக்கிறது என்பதையும் பொதுமக்களின் தகவலுக்காக இத்தால் அறியத் தருகிறேன். என் பெயர் மஹ்ரூப். தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். இப்போது சந்தியில் மேசை போட்டுச் சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். நடந்த தவறில் பாதி என்னுடையது. மற்றப் பாதி யாருடையது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திறப்பு விழாவில் டொக்டர் றம்ஸியா இயந்திரத்தை விளக்கினார். மூளை இரண்டு பாதியாக இருக்கிறது. நடுவே நரம்புகளால் ஆன ஒரு பாலம். அதன் வழியாக ஒரு பாதி மற்றதோடு ஓயாமல் கதைத்துக்கொண்டே இருக்கும். ஒன்று வேலை செய்யும்போது மற்றதைச் சும்மா இருக்கச் சொல்லும். காந்தச் சுருளைத் தலையருகே பிடித்தால், சத்திரசிகிச்சை இல்லாமலே ஒரு பாதியை எழுப்பலாம், அல்லது அடக்கலாம்.

நிலையத்தின் நிர்வாக உத்தியோகத்தர் அல்பேட் இதைக் கேட்டு மிகவும் கலங்கிப்போனார். அவருடைய கந்தோரிலும் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பிரிவு, அந்தப் பக்கம் ஒரு பிரிவு. ஒரு கடிதம் நடைபாதையைக் கடக்கப் பதினொரு நாள் பிடிக்கும். கடிதமே இல்லாமல் இரண்டு பாதியும் கதைத்தால் அதற்கு யார் பொறுப்பு என்று அவர் டொக்டரிடம் கேட்டார்.

முதலில் வந்த நோயாளி அபூசாலி. மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது உடுத்த உடுப்போடு வந்து, மாம்புரியில் படகு ஓட்டிப் பிழைத்தவர். பாரிசவாதம் வந்து இடது மூளையில் அடிபட்டு, வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. எதைக் கேட்டாலும் “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அர்த்தம்; சுகமா என்று யார் கேட்டாலும் எங்கள் ஆட்களின் வாயில் தானாக வரும் பதில் அது. பழக்கத்தில் ஊறிய சொல் சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்று டொக்டர் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், இல்மா. கற்பிட்டி மாப்பிள்ளை முஆஸோடு நிக்காஹ் பேசி, நாளும் வைத்தாயிற்று. இன்னும் பத்துக் கிழமை. சபையில் மகளை நிக்காஹ் செய்து தந்தேன் என்று வாப்பா வாயால் சொல்ல வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் சொல்லலாம், மார்க்கத்தில் இடமுண்டு என்று மௌலவி சமாதானம் சொன்னார். அபூசாலி மாட்டேன் என்று தலையாட்டினார். அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் பிறந்த பிள்ளை அது. பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்லி அல்லாஹ்வின் பெயரைக் கேட்க வைத்தது இந்த வாய்தான். என்னிடம் படிவம் நிரப்ப வந்தபோது அவருடைய கண்ணைப் பார்த்து நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

படிவத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் மன்னார் என்று இருந்தது. தற்காலிக முகவரி புத்தளம். அந்தத் தற்காலிகத்துக்கு வயது இருபத்தெட்டு. இயந்திரம் இந்த மாவட்டத்தின் நிரந்தர வதிவாளர்களுக்கு மட்டும் என்றார் அல்பேட். அவர் இனி மன்னார்க்காரர் இல்லை என்று மன்னாரிலிருந்து கடிதம் வேண்டும். மன்னாருக்கு எழுதினோம். ஆள் புத்தளத்தில் இருப்பதால் அங்கேயே கேட்கவும் என்று ஐந்தாவது கிழமை பதில் வந்தது. அதை வாசித்துவிட்டு அல்பேட், நோய் எந்தப் பக்கம் என்ற இரண்டாவது பிரச்சினையை எடுத்தார்.

“வருத்தம் எந்தப் பக்கம், டொக்டர்?”

“இடது பக்கம்.”

“காந்தம் வைக்கிறது?”

“வலது பக்கம். சுகமான பாதி மற்றதத் தலைதூக்க விடுதில்ல, சேர். அதைக் கொஞ்சம் அடக்கினா வருத்தக்காரப் பாதி கதைக்கத் தொடங்கும்.”

அல்பேட் கோப்பை மூடினார். “வருத்தமில்லாத பக்கத்துக்கு வைத்தியம் செய்ய எனக்கு அதிகாரம் இல்ல” என்றார். “அதுவும், சும்மா இருக்கிற சுகதேகியை அடக்கச் சொல்றீங்க.”

இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘இருமூளை இணக்க நலத்திட்டம்.’ சுகமாக இருப்பவர்களை மேலும் சுகமாக்குவது அதன் நோக்கம். முகவரி தேவையில்லை. எனக்கு வருத்தமில்லை என்று ஒரு படிவத்தில் கையொப்பம் வைத்தால் போதும். சுகமானவர்களுக்கு இதனால் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று டொக்டர் எழுதினார். அவருடைய கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டுக் கோப்பில் போடப்பட்டது.

சனம் குவிந்தது. முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கும் இஸ்ஹாக் ஹாஜியார் மூன்று தரம் காந்தம் வைத்துக்கொண்டு, தான் இனி வலது மூளைக்காரன் என்று அறிவித்தார். குளத்துத் தண்ணீரைச் சோதிப்பது இடது மூளையின் வேலை என்பதால் அதைக் கைவிட்டார். இறால்களுக்கு இது தெரியாது. அவை செத்து மிதந்தன. கலியாண வீடுகளில் பெண்கள் மாப்பிள்ளை எந்தப் பாதி என்று விசாரித்தார்கள். இருபத்தெட்டு வருடமாக, இடம்பெயர்ந்து வந்த எங்களை எந்த ஊர் என்று கேட்டவர்கள் அந்த இரண்டு மாதமும் அதைக் கேட்க மறந்துபோனார்கள். அதற்காக நான் அந்தக் காந்தத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நிக்காஹுக்கு நாலு கிழமை இருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. அபூசாலியைச் சுகதேகியாகப் பதிந்தேன். காந்தம் வைக்கும் பகுதியில் நோய் உண்டா என்று படிவம் கேட்டது. டொக்டர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினார். அதில் ஒரு பொய்யும் கிடையாது. பழைய கோப்பு நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்ததால், அல்பேட் அவரைப் புதிய ஆளாகவே வைத்து நேர்முகம் நடத்தினார்.

“எப்படி, சுகமா இருக்கிறீங்களா?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“கை கால் எல்லாம்?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“பேச்சு?”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் அபூசாலி. அவர் கண்ணால் தண்ணீர் வடிந்தது. அல்பேட் அதை நன்றியுணர்வு என்று குறித்துக்கொண்டார். இத்தனை திருப்தியான விண்ணப்பதாரரைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்றும் சொன்னார்.

காலையில் காந்தம், பின்னேரம் இல்மாவோடு பேச்சுப் பயிற்சி. ஒன்றை விட்டு மற்றது வேலை செய்யாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எட்டாம் நாள் “தண்ணி” என்றார். பன்னிரண்டாம் நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நிக்காஹ் அன்று மௌலவி மெல்லச் சொல்லிக் கொடுக்க, இடது கையால் முஆஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக, “என் மகள்... இல்மாவ... நிக்காஹ் செஞ்சு... தந்தேன்” என்று முடித்தார். நான் அன்றைக்குப் பட்ட சந்தோஷம் என் சொந்தப் பிள்ளைகளின் கலியாணத்தில்கூடப் பட்டதில்லை.

விஷயம் பரவிவிட்டது. முகவரி சரியில்லாத நோயாளிகள் எல்லோரும் என் மேசைக்கு வந்தார்கள். கால் இழுபட்டவர், வாய் கோணியவர், தலைவலிக்காரர். அத்தனை பேரையும் சுகதேகிகளாக்கினேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படிவம். நோயாளர் பதிவேட்டில் அந்த வருடம் ஒரு பெயர்கூட ஏறவில்லை. நோயாளியே இல்லாத பிரதேசம் என்று எங்களுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. நோயாளியே இல்லாத இடத்தில் டொக்டர் எதற்கு என்று றம்ஸியாவுக்கு இடமாற்றமும் கிடைத்தது. இயந்திரத்தை உறை போட்டு மூடினார்கள். அபூசாலியின் கைக்கு டொக்டர் சொல்லியிருந்த இரண்டாவது சுற்றுக் காந்தம் அப்படியே நின்றுபோனது. அந்தக் கை வராமல் படகில் ஏற முடியாது.

நான்தான் மனு எழுதினேன். டொக்டரைத் திருப்பித் தரும்படி. விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் கூடியிருந்தோம். இருநூற்றுப் பதினான்கு பேரும், வீட்டாரும். வருத்தத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வாசலில் வைத்து ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அபூசாலி வீட்டில் ஒரு கிழமை சொல்லிப் பழகி வந்திருந்தார். முன்வரிசையில் இல்மா பக்கத்தில் இருந்தாள்.

பெரியவர் நல்ல மனுசர். ஒலிவாங்கியைப் பிடித்து, தமிழில், மரியாதையாகத் தொடங்கினார்.

“எல்லாரும் எப்படி, சுகமா இருக்கிறீங்களா?”

அபூசாலி கதிரையைப் பிடித்து எழும்பி, “எனக்கு... வருத்தம்... இருக்கு, சேர்” என்றார். பக்கத்தில் இருந்த இல்மாவுக்கு மட்டும்தான் அது கேட்டதாம். ஏனென்றால் அந்த நேரம் பின்னால் இருந்த நாங்கள் அத்தனை பேரும், நான் உட்பட, ஒரே குரலில் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரியவர் சிரித்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டார்.