தணிகாட்டின் தவறாத கருவி

மலைக்கும் கடலுக்கும் நடுவே தணிகாடு என்றொரு நாடு. அதன் மன்னர் மருத்துவமனைகளுக்கெல்லாம் கம்பியில்லா ஸ்கேன் கருவிகள் வழங்கினார். ஒவ்வொன்றிலும் அவர் முகம் பொறித்திருந்தது. ஒரே ஒரு குறை: ஓர் அறையில் எடுத்த படம் சில சமயம் பக்கத்து அறைத் திரைக்குத் தாவிவிடும். ஆபத்து, உடனே திருப்பி அனுப்புங்கள் என்று கருவியைச் செய்தவர்களே கடிதம் எழுதினார்கள்.

"மன்னர் முகம் தாங்கிய கருவி தவறு செய்யுமா?" என்றார் நலத்துறை அமைச்சர் விடங்கர். கருவி தவறாது என்று ஆணை வந்தது. படமும் உடலும் ஒத்துப்போகாவிட்டால் உடலே குற்றவாளி, படத்துக்கே வைத்தியம் என்று அடுத்த ஆணை. சந்தேகப்படுகிறவர்களின் மூளையை அதே கருவியால் சோதிக்க வேண்டும் என்று இன்னொன்று. பித்தப்பையில் கல் இல்லாதவர்கள் கல்லுக்கு அறுக்கப்பட்டார்கள். கல் இருந்தவர்களை வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தலைநகர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள் பூவிழி. அவளுடைய நாத்தனார் செண்பகா ஏழு மாதக் கர்ப்பிணி. முந்தின நாள் செண்பகாவின் திரையில் குழந்தைக்குப் பதில் யாருடையதோ பித்தப்பை தெரிந்தது, உள்ளே கல்லோடு. ஆணைப்படி இன்று மாலை அறுவை.

"அண்ணி, உதைக்குது. தொட்டுப் பாருங்க."

பூவிழி தொட்டாள். உதைத்தது. பக்கத்து அறையில் மன்னரின் ஆண்டுப் பரிசோதனை. எதிரே அரண்மனைத் திடலில் பெருந்திரையில் அதன் நேரலை. பூவிழி கருவியை முடுக்கி, செண்பகாவின் கையில் கொடுத்து வயிற்றில் வைத்தாள்.

"இப்படியே அழுத்திப் பிடி. நான் வர்றவரைக்கும் எடுக்காத."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கண்ணன் என்னைத்தான் திட்டுவாரு."

"திட்டட்டும். பிடி."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மன்னரை மூன்றாம் முறை படமெடுத்தபோது செண்பகாவின் படம் தாவியது. மன்னரின் திரையில் ஒரு சிசு விரல் சூப்பியபடி சுருண்டு கிடந்தது.

அரச மருத்துவர் திரையை நோக்கிக் குனிந்தார். "இதயத் துடிப்பு சீராக உள்ளது, மன்னா. இரண்டுமே."

"விடங்கரே, என்ன இது?" என்றார் மன்னர், அருகே நின்ற அமைச்சரிடம்.

பூவிழி வாசலில் வந்து வணங்கினாள். "ஏழு மாசம், மகாராஜா. படத்துக்குத்தானே வைத்தியம்? வளைகாப்புக்கு நாள் பார்க்கணும்."

"மன்னருக்குச் சந்தேகம் இருப்பின், அவருடைய மூளையை..." என்று தொடங்கிய விடங்கர், மன்னரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே திடலில் குலவைச் சத்தம் எழுந்தது. வளையல்காரி ஒருத்தி மன்னரின் மணிக்கட்டு அளவு கேட்டு வாசல்வரை வந்துவிட்டாள்.

மதியத்துக்குள் எல்லாக் கருவிகளையும் திரும்பப் பெற மன்னர் கையெழுத்திட்டார். அறுவை ரத்தானது. பூவிழி செண்பகாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடுவில் குழந்தை இருவரையும் உதைத்தது. மன்னர் தம் திருவயிற்றையே சோதனைக்குத் தந்து குறையைக் கண்டறிந்தார் என்று முரசறைந்தார்கள். பழுதான எதையும் இனி மக்களே திரும்பப் பெறச் சொல்லலாம் என்று பெருமையோடு ஒரு படிவமும் அச்சிட்டார்கள்.

கருவிகள் எல்லாம் கப்பலேறிய பிறகும் படிவத்துக்கான வரிசை அரண்மனையைச் சுற்றி இரண்டு சுற்று நின்றது. பூவிழி தன் படிவத்தில் எழுதினாள். பொருள்: நலத்துறை அமைச்சர். பழுது: நாங்கள் ஒன்றைக் காட்டினால் வேறொன்றைப் பார்க்கிறார்.

பின்னால் நின்ற செண்பகா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு படிவத்துல ஒரு பேருதான் எழுதணுமா?"