பிடித்து வைத்தது யார்?

'பிடித்து வைத்தது யார்?' என்று கேட்பதற்காகவே பிறவி எடுத்த ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. சீப்பைக் காணோம் என்றால் நீங்களும் நானும் சீப்பைத் தேடுவோம். இந்த இனத்தவர் கடைசியாகத் தலை சீவியவரைத் தேடுவார். ஆளைப் பிடிப்பதற்குள் சீப்பு கிடைத்துவிட்டால் அவர் முகம் வாடிவிடும்.

தென்காசி சிவனணைந்தபெருமாள் இந்த இனத்தின் முழு விளைச்சல். மாடி அறையில் உட்கார்ந்தபடி ஏதோ ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரின் கெர்னல் வேலை பார்க்கிறார். பயப்படாதீர்கள். கம்ப்யூட்டரின் நினைவகத்தைக் கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி ஒவ்வொன்றும் ஒரு 'பேஜ்'. சும்மா இருப்பவரை எழுப்பி, வந்தவரை உட்கார்த்தி, இடம் மாற்றிச் சமாளிக்கும் பந்தி விசாரிப்பவர்தான் கெர்னல். ஆனால் கேமரா போன்ற சில விருந்தாளிகள், 'நான் முடிக்கிறவரை இந்த நாற்காலியை அசைக்கக் கூடாது' என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள். அதுதான் 'பின்' பண்ணுவது. பண்ணலாம், தப்பில்லை. முடிந்ததும் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால்? நாற்காலி காலியாகக் கிடக்க, ஊரே நிற்கும். கம்ப்யூட்டர் உறைந்துபோகும்.

விடாதவரைப் பிடிப்பது நம்மவரின் உத்தியோகம். அதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அது பேஜ் பேஜாகப் போய், யார் பிடித்தது, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, விட்டாயிற்றா, விடுகிற உத்தேசமாவது உண்டா என்றெல்லாம் துருவித் துருவிக் குறித்துக்கொள்ளும். போன வாரம் அதைக் கேமராவின் பேஜ்கள்மேல் ஏவினார். அன்றிலிருந்து சோதனைக் கம்ப்யூட்டர் தினமும் உறைந்தது. எழுபதாயிரம் பேஜ்கள் விடுபடாமல் கிடந்தன. கேமராவை இயக்கும் புரோகிராமான 'டிரைவரை' ஒரு வருடம் பாடுபட்டு எழுதியவள், கூட வேலை பார்க்கும் கிறிஸ்டி. பிறகென்ன, ஆள் கிடைத்தாயிற்று!

"ஒங்க டிரைவர்தாம்மா பிடிச்சி வச்சிட்டு விட மாட்டேங்குது."

"அண்ணாச்சி, எடுத்ததெல்லாம் விட்டாச்சு. எத்தன மட்டம் சொல்லுதது?"

திங்கட்கிழமைக்குள் தவறு அகப்படாவிட்டால் அவளுடைய ஒரு வருட வேலையைத் தூக்கி எறிவதென்று மேலிடம் முடிவு செய்தது.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் மனைவி குழல்வாய்மொழியின் மாமா செல்லச்சாமி வீட்டுக் கல்யாணம். சீசன் நேரம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டத்துக்குப் பசி காதை அடைத்தது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் மோர் சோற்றுக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்கும் நம் பண்பாடு உங்களுக்குத் தெரியாததா? அதில் தகராறு வந்துவிட்டது.

"மாப்ள, எந்த நாற்காலிக்கு ஆரு நிக்கான்னு கொஞ்சம் விசாரிங்க" என்றார் செல்லச்சாமி.

கேட்க வேண்டுமா! வாசலில் கொடுக்க வைத்திருந்த தாம்பூலப் பைகளை அள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். முதல் பந்தி எழுந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியாகப் போய், விசாரணை முடியும்வரை அது கைமாறக் கூடாதே என்று அதன்மேல் ஒரு பையை வைத்தார். "இதுக்கு ஆரு நிக்குதிய? எப்பலேர்ந்து?" என்று கேட்டு போனில் குறித்துக்கொண்டார். அடுத்த நாற்காலிக்குப் போனார். வைத்த பையை எடுத்தாரா? அவர் கண்தான் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டதே.

கால் மணி நேரத்தில் நாற்பது நாற்காலியில் நாற்பது பை. பை இருந்தால் ஆள் வருவார் என்று ஊரே மரியாதையாக நின்றது. அடுத்த பந்திக்குப் பரிமாறிய இலையில் சோறு ஆறியது.

"ஏலே, இந்தப் பையெல்லாம் வச்சது ஆருலே?" என்று செல்லச்சாமி அலறினார்.

நம்மவர் முகம் மலர்ந்தது. "இருங்க மாமா, கண்டுபிடிச்சிருதேன்!"

"ஒண்ணும் கண்டுபிடிக்காண்டாம்" என்றாள் குழல்வாய்மொழி. "ஒங்க கையப் பாருங்க."

கையில் நாற்பத்தோராவது பை.

அவர் அப்படியே உறைந்தார். அவருடைய புரோகிராமும், விசாரிக்கும்போது பேஜ் நகர்ந்துவிடக் கூடாதென்று தானும் ஒரு பிடி போடும். விடச் சொல்லி அவர் எழுதவே இல்லை! சமையல்கட்டு வாசலில் காய்கறிக் கூடைமேல் லேப்டாப்பை வைத்து ஒரே ஒரு வரி சேர்த்தார். திங்கட்கிழமை காலைவரை கம்ப்யூட்டர் உறையவில்லை. கிறிஸ்டியின் டிரைவர் பிழைத்தது.

மேலிடத்துக்கும் அவளுக்கும் சேர்த்து மெயில் போனது: 'கண்காணிப்புப் பகுதியில் நேர்ந்திருந்த சிறு விடுபடல் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.' வாழ்நாளெல்லாம் யார், யார் என்று கேட்ட மனிதர், தன் முறை வந்தபோது ஆளே இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிவிட்டார்.

கிறிஸ்டியிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது.

"ஆரு நேர்த்தினது, அண்ணாச்சி?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். செங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டு, இந்த ஊரில் ஒருவனுக்கும் ஒழுங்கு இல்லை என்று தலையாட்டுகிற உங்களைத்தான் சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் ஒரு பை இருக்கிறதே. புளியறையிலிருந்து ஒருவர் நின்றுகொண்டே வருகிறார். அதைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்களேன்.