மெடல் அண்ணாத்த போட்ட கணக்கு

எங்கள் தெருவில் மெடல் அண்ணாத்தயின் தீர்ப்பு வராமல் யாரும் சுடுகாட்டுக்குப் போனதில்லை. ஆள் போய்விட்டதாக டாக்டர் சொன்னால் மட்டும் போதாது. அண்ணாத்த வந்து, போனவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று சொன்ன பிறகுதான் பாடை கிளம்பும்.

அவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளை துடைக்கிற வேலை. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். எங்கோ மூடிப்போன ஒரு கோல்ஃப் கிளப்பிலிருந்து, உறுப்பினர் போட்டிகளில் கொடுத்த பழைய மெடல்கள் ஒரு மூட்டை அந்தக் கடைக்கு வந்தன. சேகரிக்கிறவர்கள் நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை முதலாளி தீபாவளி போனஸ் என்று சொல்லி இவர் தலையில் கட்டிவிட்டார். இவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்து புளி போட்டுத் தேய்த்தார்.

மெடல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அந்த ஆட்டத்தைச் சைகையிலேயே விளக்கினாராம். குறைவாக அடித்தவன் ஜெயித்தவன். சரியாக ஆட வராதவனுக்கு, அடித்ததில் கொஞ்சம் கழித்துக் கொடுப்பார்கள். அண்ணாத்தக்குப் புரிந்தது அவ்வளவுதான். மீதியை அவரே முடிவு செய்துகொண்டார்.

"மச்சான், ஒலகத்துலயே இது ஒண்ணுதான் நாயமான ஆட்டம். நோஞ்சானுக்குக் கழிச்சுக் குடுக்குறான் பாரு!" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து சாவு வீட்டுக்கு எல்லோரும் மாலையோடு வந்தால், இவர் மெடலோடு வருவார். போனவர் செய்த தப்பையெல்லாம் சத்தமாக எண்ணுவார். பட்ட கஷ்டத்தைக் கழிப்பார். கணக்கு தேறினால் நெஞ்சில் மெடல். ரேஷன் கடைக்காரர் செத்தபோது, "எடையில அடிச்சதே ஏகப்பட்டது கீது. கழிக்க ஒண்ணியும் காணோமே" என்று உதட்டைப் பிதுக்கினார். அழுதுகொண்டிருந்த மனைவி பதறிப்போய், "அவருக்கு மூலம் இருந்துச்சி அண்ணாத்த!" என்று கத்தினார்.

"அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? நாலு கழி!"

எனக்கும் ஒன்று கேட்டுப் பார்த்தேன். "ஆட்டம் முடியாம இன்னா மெடலு? போய் வாழ்ந்துட்டு வா" என்றார். சட்டைப்பையில் ஒரே ஒரு வெள்ளி மெடலைத் தனியாக வைத்திருந்தார். "இது என் நெஞ்சுக்கு. நான் போனா நீதான் வெக்கணும்."

பிறகு என் தம்பி செத்தான். மறைமலைநகர் கம்பெனி வேலையைக் குடித்தே தொலைத்தவன், திருவிடந்தை பக்கம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி விழுந்துவிட்டான். "இவன் இப்டித்தான் போவான்னு தெரியும்" என்று சொந்தக்காரர்கள் வாசலிலேயே பேசினார்கள். அம்மா தலை நிமிரவில்லை, அழவும் இல்லை. அண்ணாத்த வருவதைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். இந்த மனிதர் எதையும் மறைக்க மாட்டாரே!

மறைக்கவில்லை. குடித்தது, அம்மாவின் தோட்டை விற்றது, எல்லாம் சொன்னார். வாசலில் நின்றவர்களுக்கு நல்ல திருப்தி. அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பன் போனப்போ சின்னப் பையன். கழி. அண்ணன் படிக்கட்டும்னு இவன் மூட்டை தூக்கப் போனான். கழி. குடிச்சுட்டு வந்தாலும் ஆத்தா சாப்ட்டாளான்னு கேட்டுட்டுத்தான் படுப்பான். கழி."

மூட்டையில் இருந்த மெடல்கள் எப்போதோ தீர்ந்திருந்தன. சட்டைப்பையிலிருந்து அந்த வெள்ளி மெடலை எடுத்துத் தம்பியின் நெஞ்சில் வைத்தார். "ஜெயிச்சுட்டான்மா" என்றார். அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

போன மாதம் அண்ணாத்தயும் போய்விட்டார். சேதி வந்ததும் மாமல்லபுரத்துக்கு ஓடினேன். கடை கடையாகக் கல் யானை இருந்தது, கல் பிள்ளையார் இருந்தார், கோல்ஃப் மெடல் மட்டும் இல்லை. கடைசியில் செங்கல்பட்டில் விளையாட்டுச் சாமான் கடையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஓட்டப்பந்தய மெடல்தான் கிடைத்தது. அதை அவர் நெஞ்சில் வைத்துவிட்டுக் கணக்கைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் செய்த தப்பு என்று ஒன்றும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அண்ணாத்த கண்ணைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"தப்பு மெடலு எத்துகினு வந்துகீறான். பரவால்ல, ரொம்ப அழுவுறான் பாவம். ரெண்டு கழி."